அம்பு எந்தப் பிரிவுக்குச் சொந்தம்?

பெரிய அலுவலகங்களில் ஒரு பொருள் கெட்டுப்போனால் அதைச் சரிசெய்துவிடலாம். கெட்டுப்போனது என்று சம்பந்தப்பட்டவர்களை ஒப்புக்கொள்ள வைப்பதற்குத்தான் ஆயுசு போதாது. இது தெரிந்திருந்தால் அட்டவணை அக்கா அன்றைக்குப் புகாரே கொடுத்திருக்க மாட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்த்திருப்பாள்.

அவள் நகரப் பேருந்துக் கழகத்தின் தலைமை அலுவலகத்தில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருந்தாள். எந்தப் பேருந்து எந்தத் தடத்தில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அட்டவணை போடுவது அவள் வேலை. அதனால்தான் அந்தப் பெயர். மேசையின் நடுவில் லேப்டாப், அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு பெரிய மானிட்டர்கள். ஜன்னல் பக்கம் இருந்த இடது மானிட்டரில் பேருந்துகள் வரிசையாக நிற்கும். கதவுப் பக்கம் இருந்த வலது மானிட்டரில் தடங்கள் ஓடும். லேப்டாப்பின் டச்பேடில் விரலை வைத்து, இடது பக்கத்தில் ஒரு பேருந்தைப் பிடித்து, அப்படியே இழுத்துக்கொண்டு போய் வலது பக்கத் தடத்தில் விட வேண்டும். சின்னக் குழந்தைகூடச் செய்துவிடும் வேலை.

ஆனால் இரண்டாவது மானிட்டர் வந்த நாளிலிருந்து, விரல் போகும் பக்கம் திரையில் ஓட வேண்டிய அம்பு அவள் பேச்சைக் கேட்கவில்லை. விரலை வலது பக்கம் நகர்த்தினால், இடது மானிட்டரில் இருக்கும் அம்பு சுவரில் முட்டியதுபோல் விளிம்பிலேயே நின்றுவிடும். வெறுத்துப்போய் இடது பக்கம் நகர்த்தினால் ஜன்னல் பக்கமாக மறைந்து, லேப்டாப்பில் தலைகாட்டி, கடைசியில் வலது மானிட்டரின் கதவோர விளிம்பிலிருந்து எட்டிப் பார்க்கும். அத்தனை தூரம் இழுக்க அந்தச் சின்ன டச்பேடில் இடம் போதாமல் விரல் நழுவினால், பேருந்து நடுவழியில் விழுந்துவிடும். பன்னிரண்டாம் தடத்துப் பேருந்து ஒருநாள் லேப்டாப்பில் திறந்து கிடந்த ஒரு கடிதத்துக்குள் விழுந்து, இணைப்பாகச் சேர்ந்து, கேண்டீன் மேலாளருக்குப் போய்விட்டது. அவரும் பெற்றுக்கொண்டதாகப் பதில் அனுப்பிவிட்டார்.

அவளுக்குக் கவலை வந்ததற்குக் காரணம் பேருந்து இல்லை. ஆறு வருஷமாக அவள் தற்காலிக ஊழியர். இந்த வருஷம் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் மாமனார் அந்த வார்த்தையைத் தவிர வேறு எதையும் இப்போதெல்லாம் பேசுவதில்லை. யார் வந்தாலும், "இது என் மருமக, தற்காலிகமா வேலை பாக்குது" என்றுதான் அறிமுகப்படுத்துவார். கேட்பவர்களுக்கு மருமகளும் தற்காலிகமோ என்று சந்தேகம் வந்துவிடும். அவளுக்கும் சில நாள் வந்தது.

அட்டவணையில் தப்பு விழுந்தால் நிரந்தரம் போய்விடும் என்று பயந்துதான் லேப்டாப் பிரிவுக்குப் புகார் அனுப்பினாள்.

லேப்டாப் பிரிவின் இன்ஜினியர் உடனே கூப்பிட்டார். அந்த வேகத்தைப் பார்த்து அவள் மகிழ்ந்துபோனது உண்மை.

"லேப்டாப்ப மட்டும் எடுத்துட்டு வாங்கம்மா. மானிட்டர் வேண்டாம்."

"சார், மானிட்டர் மாட்டுனாத்தான் சார் பிரச்சினையே."

"மானிட்டர் எங்க பிரிவு இல்லம்மா. இன்னொரு பிரிவோட பொருள் எங்க அறைக்குள்ள வரக்கூடாது."

லேப்டாப்பை மட்டும் கொண்டுபோனாள். இன்ஜினியர் டச்பேடில் விரலை வைத்து மேலும் கீழும் ஓட்டினார். அம்பு பள்ளிக்கூடப் பிள்ளைபோல் சொன்னபடி போனது.

"நல்லாத்தானம்மா இருக்கு?"

"இங்க நல்லாத்தான் சார் இருக்கு."

"அப்புறம் என்ன? இங்க நல்லா இருக்குறதுதான் நல்லா இருக்குறது."

அவள் மாடி ஏறி இருக்கைக்கு வந்து சேர்வதற்குள் புகார் 'குணமடைந்தது' என்று செய்தி வந்துவிட்டது. கூடவே, சேவையில் எவ்வளவு மகிழ்ச்சி என்று கேட்டு ஐந்து நட்சத்திரங்கள். அவள் முதல் நட்சத்திரத்தைத் தொடப்போனாள். அம்பு வழக்கம்போல் எங்கோ போய், ஐந்தாவது நட்சத்திரத்தில் உட்கார்ந்துகொண்டது.

மறுபடி புகார் கொடுத்தாள். இந்தமுறை மானிட்டரையும் சேர்த்துச் சொன்னாள். அங்கேதான் சனி பிடித்தது. மானிட்டர் மேசைமேல் நிற்பதால் அது தளவாடம். நாற்காலி, அலமாரி, குடை மாட்டும் கம்பி இவற்றோடு சேர்த்துத் தளவாடப் பிரிவின் கீழ் வரும். அந்தப் பிரிவின் அதிகாரி கனத்த மனிதர், இடுப்பில் எப்போதும் அளவு நாடா. வந்தவர் மானிட்டர்களைத் தட்டிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், மேலே மட்டக்கோலை வைத்துக் கண்ணைச் சுருக்கினார்.

"ரெண்டும் ஆடாம அசையாம நிக்குது. தளவாடத்துக்கு இதவிட என்னம்மா வேணும்?"

"அம்பு இதுலேருந்து அதுக்குப் போகமாட்டேங்குது சார்."

"அம்பு எங்க பொருளா?"

"தெரியலையே சார்."

"எங்க கணக்குல மானிட்டர் இருக்கு. அம்பு இல்ல. எப்ப வந்துச்சு, யாரு அனுமதிச்சாங்கன்னு லேப்டாப்காரங்கள கேளுங்க."

அவள் கேட்டாள். லேப்டாப் இன்ஜினியர் தெளிவாகச் சொன்னார்: அம்பு லேப்டாப்புக்குள் இருக்கும்வரை அவர்கள் பொறுப்பு, விளிம்பைத் தாண்டி மானிட்டருக்குள் கால் வைத்துவிட்டால், யார் வீட்டில் நிற்கிறதோ அவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தளவாட அதிகாரி விடவில்லை: வழி தவறி வந்தது உங்கள் பிள்ளை, வளர்ப்பு சரியில்லை என்று திருப்பி எழுதினார். இரண்டு பிரிவும் முட்டிக்கொண்டதில் மேலிடத்தின் காதுக்கு விஷயம் போய், மேலிடம் எப்போதும் செய்வதைச் செய்தது. கமிட்டி போட்டது.

அம்பு எல்லைக் கூட்டுக் கமிட்டிக்குத் தலைவராக வந்தவர் ஓய்வுபெற வேண்டிய வயதைக் கமிட்டிகளாலேயே தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தவர். மெல்லிய குரல், வெள்ளைச் சட்டை, யாரையும் கடிந்து பேசாத வாய். முதல் கூட்டம் அவள் மேசையைச் சுற்றியே நடந்தது. அவளுக்கு மட்டும் உட்கார இடமில்லை.

"இந்தக் கமிட்டி பழுது எங்க இருக்குன்னு தேடப்போறதில்ல" என்று தலைவர் ஆரம்பித்தார். "அத யாரு வேணும்னாலும் தேடலாம். பழுது யாரோடதுன்னு தேடப்போறோம். ஏன்னா, பழுத கண்டுபிடிச்சா சரிபண்ணிட்டு எழுந்து போயிடுவோம். யாரோடதுன்னு கண்டுபிடிச்சாத்தான் ஒரு அலுவலகம் வளரும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அவளும் ஆட்டினாள், நின்றுகொண்டிருந்தவளால் வேறு என்ன செய்ய முடியும்?

அடுத்தடுத்த கூட்டங்களில் மேசைமீது வெள்ளை நாடா ஒட்டி எல்லை பிரித்தார்கள். நாடாவுக்கு இந்தப் பக்கம் லேப்டாப் பிரிவு, அந்தப் பக்கம் தளவாடம். லேப்டாப்புக்கும் மானிட்டருக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது. அம்பு அங்கே வரும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால் அது யாருக்கு என்று பெரிய வாக்குவாதம். இரண்டு பிரிவினரும் எங்களுக்கு வேண்டாம் என்றார்கள். கடைசியில் அதைப் பொது இடமாக அறிவித்து, தூசி துடைக்கும் பொறுப்பைத் துப்புரவுப் பிரிவிடம் விட்டார்கள்.

அவள் பொறுக்க முடியாமல் வீட்டிலிருந்து ஒரு மவுஸ் கொண்டுவந்து மாட்டினாள். அன்று மத்தியானமே அது பறிமுதல் ஆனது. "டச்பேட் மேல விசாரணை நடக்குறப்ப நீங்க மவுஸ் வச்சா, டச்பேட் குற்றவாளின்னு நாமளே தீர்ப்பு சொன்ன மாதிரி ஆயிடாதா?" என்று தலைவர் அன்பாகக் கேட்டார்.

அடுத்து அவள் விரலின்மேல் சந்தேகம் திரும்பியது. லேப்டாப் பிரிவு ஒரு நிபுணரை வரவழைத்தது. அவர் அவளது ஆள்காட்டி விரலை நீட்டச் சொல்லி, ஈரம் பார்த்து, மடக்கிப் பார்த்து, உலர்ந்த துணியால் துடைத்து மறுபடி பார்த்தார். விரலுக்குத் திசை பற்றிய புரிதல் போதவில்லை என்று முடிவாயிற்று. மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கடைசி நாள் சான்றிதழும் தந்தார்கள், வலது கை ஆள்காட்டி விரலின் பேரில்.

வீட்டில் கணவர் அதை வாங்கிப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமனார் சிரிக்கவில்லை.

"விரல் பாஸாயிடுச்சு, சரி. நீ எப்பம்மா நிரந்தரம்?"

அந்தக் கேள்வி அவள் தூக்கத்தைக் கெடுத்தது. ஏனென்றால் அன்று காலையில்தான் பணியாளர் பிரிவில் விசாரித்திருந்தாள். ஒருவர் பெயரில் முடியாத புகார் இருக்கும்வரை அவரை நிரந்தரமாக்க முடியாதாம். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றாள். கமிட்டி போட்ட புகாரைக் கொடுத்தவரே திரும்பப் பெற முடியாதாம். அது இப்போது கமிட்டிக்குச் சொந்தமாம். தன் வாயாலேயே தன் வேலைக்கு உலை வைத்துவிட்டோமே என்று படிக்கட்டில் நின்று கொஞ்சநேரம் அழுதாள். மேலே போகிறவர்களுக்கு வழிவிட்டபடிதான் அழுதாள். அங்கே அதிக நேரம் நிற்க அனுமதியில்லை.

மறுநாள் மதிய இடைவேளையில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் வெறும் வயிற்றோடு மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது பக்கம் போனால் வலது பக்கம் வருகிறது. வலது பக்கம் போனால் இடது பக்கம் வருகிறது. அப்போதுதான் பொறி தட்டியது. இந்தக் கணினி இடது மானிட்டரை வலது என்று நினைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதானே? அது நினைப்பதுபோலவே வைத்துவிட்டால் என்ன? எழுந்து, இடது மானிட்டரைத் தூக்கி வலது பக்கமும் வலது மானிட்டரைத் தூக்கி இடது பக்கமும் வைத்தாள். விரலை வைத்தாள். அம்பு நேராக, நிறுத்தாமல், ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைவரை ஓடியது. பன்னிரண்டாம் தடத்துப் பேருந்து வழுக்கிக்கொண்டு போய்த் தன் இடத்தில் நின்றது. அவள் ஆளில்லாத அறையில் வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு வாரமாக இழுத்துக்கொண்டிருந்த வேலை அன்று சாயங்காலத்துக்குள் முடிந்தது.

அந்தச் சந்தோஷத்தில் நேராகக் கமிட்டித் தலைவரிடம் போய்ச் சொன்னாள். தலைவர் எழுந்து வந்து பார்த்தார். தளவாட அதிகாரி வந்து பார்த்தார். லேப்டாப் இன்ஜினியர் வந்து பார்த்தார். மூன்று பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

"தளவாடத்த யார கேட்டும்மா நகத்துனீங்க?" என்றார் தளவாட அதிகாரி.

"சார், சரியாயிடுச்சு சார். பாருங்க, நேரா போகுது."

தலைவர் அவளை உட்காரச் சொன்னார். முதல்முறையாக.

"அம்மா, நான் உங்கள குறை சொல்லல. நல்ல மனசோட செஞ்சிருக்கீங்க. ஆனா நீங்க பிரச்சினைய தீத்துட்டீங்க, புகார தீக்கல. பிரச்சினையே இல்லாத புகார நாங்க எப்படி விசாரிக்கிறது? விசாரிக்காம எப்படி முடிக்கிறது? முடிக்காம உங்கள எப்படி நிரந்தரமாக்குறது? சொல்லுங்க."

அந்தக் குரலில் கேட்கும்போது எல்லாமே நியாயமாகத்தான் தோன்றித் தொலைத்தது. தளவாட அதிகாரி மானிட்டர்களைப் பழைய இடத்துக்கே மாற்றி, அடியில் சிவப்பு நாடா ஒட்டி முத்திரை வைத்தார். விசாரணை முடியும்வரை யாரும் தொடக் கூடாது.

இனி ஒரே வழிதான். பேருந்துகள் ஓட வேண்டும். ஊர் ஜனம் வேலைக்குப் போக வேண்டும். அவள் தலைகீழாகவே வேலை செய்யப் பழகினாள். வலது பக்கம் போக இடது பக்கம் இழுத்தாள். விரல் நழுவாமல் இருக்க மூச்சை அடக்கிக்கொண்டாள். முதலில் தலை சுற்றியது, பிறகு எரிச்சல் வந்தது, பிறகு எதுவும் வரவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் அவள் விரல் யோசிக்காமல் தானாகவே எதிர்ப்பக்கம் போக ஆரம்பித்திருந்தது. அட்டவணையில் ஒரு தப்பும் இல்லை. இதை யாரும் கவனிக்கவில்லை. கமிட்டி மும்முரமாக இருந்தது. அதற்குத் தனி அறை, பெயர்ப்பலகை, இரண்டு துணைக் கமிட்டி, தேநீர் கொண்டுவர ஒரு ஆள் எல்லாம் வந்துவிட்டிருந்தன.

ஒருநாள் தலைவர் அவளைத் தேடி வந்தார். "டைரக்டரே நேர்ல வர்றார்மா. பழுத ஒரு தடவ கண்ணால பாத்துட்டார்னா அறிக்கையில கையெழுத்து போட்டுடுவார். புகார் முடிஞ்சிடும். அதே கையோட உங்க நிரந்தர உத்தரவும். நான் பேசிட்டேன்."

அவள் வீட்டில் சொன்னாள். மாமனார் சட்டை மாட்டிக்கொண்டு தெருமுனைவரை போய் யாரிடமெல்லாமோ பேசிவிட்டு வந்தார்.

அந்த நாளும் வந்தது. அவள் அலுவலகம் போனபோது மேசையே அடையாளம் தெரியவில்லை. துடைத்துப் பளபளவென்று இருந்தது. நடுவில் புத்தம்புது லேப்டாப்.

"டைரக்டர் வர்றப்ப பழைய லேப்டாப்பையா வைக்கிறது? எங்க பிரிவுக்கு ஒரு மரியாத வேண்டாமா?" என்றார் இன்ஜினியர், தன் வேலையைத் தானே ரசித்தபடி.

அவள் விரலை வைத்துப் பார்ப்பதற்குள் டைரக்டர் வந்துவிட்டார். பின்னால் ஒரு கூட்டம். ஒருவர் கையில் கோப்பு. அதன்மேல் அவள் உத்தரவு இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. தலைவர் பேசினார். டைரக்டர் கேட்டுக்கொண்டே மேசையின் வெள்ளை நாடாவை, சிவப்பு முத்திரையை, பொது இடத்தை எல்லாம் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"சரி, காட்டுங்கம்மா. இந்தப் பேருந்த அந்தத் தடத்துக்குக் கொண்டு போங்க."

அவள் இடது மானிட்டரில் ஒரு பேருந்தைப் பிடித்தாள். வலது பக்கம் போக வேண்டும். விரல் பழக்கத்தில் இடது பக்கம் இழுத்தது. பேருந்து சறுக்கிக்கொண்டே போய் ஜன்னலோர விளிம்பில் முட்டி நின்றது. எத்தனை இழுத்தும் அதற்குமேல் போகவில்லை.

"ஆகா!" என்றார் டைரக்டர். கூட்டம் கைதட்டியது.

அவள் மட்டும் அந்த ஜன்னலோர விளிம்பையே பார்த்தாள். பழைய கணினியாக இருந்தால் அங்கே முட்டியிருக்காது; சுற்றிக்கொண்டு வலது பக்கம் போயிருக்கும். இந்தப் புதுக் கணினிக்கு எது இடது, எது வலது என்று சரியாகத் தெரிந்திருக்கிறது. இப்போது தப்பாகப் போனது அம்பு இல்லை. அவள் விரல்.

சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம். சார், இது நல்லாத்தான் இருக்கு சார். வாயைத் திறக்கவும் திறந்தாள்.

டைரக்டர் முந்திக்கொண்டார். "நானும் எத்தனையோ அலுவலகம் பாத்துட்டேன். எல்லா எடத்துலயும் பழுத மறைப்பாங்க, இல்ல அவசரப்பட்டு சரிபண்ணிடுவாங்க. இவ்வளவு பொறுப்பா, முத்திர வச்சு, ஒரு கீறல் விழாம பாதுகாத்த பழுத நான் இங்கதான் பாக்குறேன். இந்தக் கமிட்டிய நிரந்தரமாக்க உத்தரவு போடுறேன். பழுத காட்டுற இந்த அம்மாவும் நிரந்தரம். இன்னொரு தடவ செஞ்சு காட்டுங்கம்மா, போட்டோ எடுத்துக்கட்டும்."

பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அவளுக்கு மாமனார் முகம் நினைவுக்கு வந்தது. ஆறு வருஷமாக ஒவ்வொரு சாயங்காலமும் செருப்பைக் கழற்றும்போதே தன் முகத்தைப் படிக்கப் பார்க்கும் அந்த முகம். விரலைப் பார்த்தாள். வலது பக்கம் எது என்று அதற்கு இப்போது நன்றாகத் தெரியும். கொஞ்சம் நகர்த்தினால் போதும், பேருந்து ஓடிப்போய்த் தன் தடத்தில் நின்றுவிடும்.

பேருந்தைப் பிடித்தாள். இடது பக்கம் இழுத்தாள். இந்தமுறை விரல் பழக்கத்தில் போகவில்லை, அவள்தான் கொண்டுபோனாள்.

கைதட்டலும் போட்டோவும் முடிந்து எல்லோரும் கீழே இறங்கிய பிறகு, தலைவர் மட்டும் உத்தரவைக் கொடுக்கத் திரும்பி வந்தார். அவள் வாங்கிக்கொண்டு தலை குனிந்து நின்றாள்.

"சார், ஒண்ணு சொல்லணும். அந்தப் புது லேப்டாப்புல..."

"காலையிலயே வந்து தொட்டுப் பாத்துட்டேன்மா. எல்லாம் நேரா போகுது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்புறம் எப்படி சார் டைரக்டர மேல வரவிட்டீங்க?"

"நீங்க இருக்கீங்களேங்கிற தைரியம்தான்" என்றார் தலைவர், அதே மெல்லிய குரலில். "முதல் தடவ கொஞ்சம் பயமா இருந்துச்சு. ரெண்டாவது தடவ பாத்தப்புறம் எனக்கு ஒரு கவலையும் இல்ல."